காவல் மணியும் பொய்க்குரலும்

உடைமை தோன்றிய நாள்தொட்டே அதனைக் காக்கும் கவலையும் தோன்றிற்று. மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, பாண்டியன் தலைநகரின் நள்ளிரவை விரித்துரைக்குமிடத்துக் கள்வரையும் காட்டுகிறது. அவரைத் தேடித் திரியும் ஊர்காவலரையும் காட்டுகிறது. நூலேணியை இடையிற் சுற்றிக்கொண்டு இருளில் மறைந்து நிற்போர் ஒருபுறம். பெருமழை பெய்து தெருவில் நீர் திரண்டோடும் நடுயாமத்தும் சோர்வின்றிப் புறப்படுவோர் மறுபுறம். உரோமாபுரியாரோ, கி.மு. 390 அளவில் பகைவர் தம் கபிடால் குன்றின்மேல் இரவில் ஏறியபோது, நாய்கள் வாளாவிருக்க, ஜூனோ தேவியின் கோயில் வாத்துகள் கத்தி வீரரை எழுப்பின என்று தம் வரலாற்றில் எழுதிவைத்தனர்.

ஆளும் விலங்கும் பறவையும் செய்துவந்த இப்பணியை மின்னாற்றலிடம் ஒப்படைத்தவர் அமெரிக்க நாட்டினர். மாசசூசெட்சு மாநிலத்துச் சோமர்வில் என்னும் ஊரினரான அகஸ்டஸ் ரஸ்ஸல் போப் என்பவர், 1853ஆம் ஆண்டில் மின்காந்தக் காவல் மணிக்குக் காப்புரிமை பெற்றார். கதவோ சன்னலோ திறக்கப்பட்டால் மின்சுற்று நிறைவுறும், மின்காந்தம் ஒரு சிறு சுத்தியலை ஈர்க்கும், மணி ஒலிக்கும். 1857இல் எட்வின் ஹோம்ஸ் என்பார் அவ்வுரிமையை விலைக்கு வாங்கிப் பாஸ்டன் நகரில் வாணிகம் தொடங்கி, பின்னர் அதனை நியூயார்க்கிற் பரப்பினார்.

கதவு திறந்தால் மின்னோட்டம் பாய்ந்து மணியடிக்கும் இவ்வமைப்பில் ஒரு பெருங்குறை உண்டு. கம்பியை முன்னதாகவே அறுத்துவிட்டால் மணி என்றும் ஒலியாது. ஆதலின், பிற்காலத்தில் முறை தலைகீழாக மாற்றப்பட்டது. இக்காலத்துக் காவல் மணிகளில், வீடு அமைதியாக இருக்கும்போது மின்னோட்டம் இடையறாது ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வோட்டம் தடைப்படின், கட்டுப்பாட்டுப் பெட்டி அதனைக் கேடு என்று கொண்டு சங்கை ஊதச் செய்யும். கள்வன் கதவைத் திறந்தாலும் ஓட்டம் நிற்கும். கம்பியை அறுத்தாலும் நிற்கும். ஆனால், எலி கம்பியைக் கடித்தாலும் அது நிற்கும். மழையீரத்தால் இணைப்பில் களிம்பேறினாலும் நிற்கும். கள்வனுக்கு இடங்கொடாத அதே ஏற்பாடுதான் பொய்க்குரலுக்கும் வாயில் திறந்துவைத்தது என்பதை மறத்தலாகாது. பொய்க்குரலை முற்றும் ஒழித்த காவல் மணி, ஒன்றையும் காணாத காவல் மணியாகவே இருக்கும்.

அளவை நூலார் காட்சி, கருதல் என இரண்டைப் பிரித்துக் கூறுவர். பனிமூட்டத்தைப் புகையெனக் கண்டு, ஆங்கே நெருப்பு உண்டு எனக் கருதுவான் ஒருவன். கருதும் நெறியிற் பிழையில்லை; காட்சிதான் திரிந்தது. காவல் மணியின் நிலை இதற்கு மறுதலையாகும். உணர்கருவி கண்டது பெரும்பாலும் மெய்யே. காந்தம் விலகிற்று என்றால் விலகியே இருக்கும். வெப்பம் அசைந்தது என்றால் அசைந்தே இருக்கும். அதனைக் ‘கள்வன் வந்தான்’ என்று முடிவுசெய்யுமிடத்தில்தான் பிழை நேர்கிறது. எனவே, ‘கருவி பொய் சொல்கிறது’ என்று சினங்கொள்வோர் காரணத்தைக் காணார். ‘கருவி எதனைக் கண்டது?’ என்று வினவுவோரே காண்பர்.

இவ்வினாவிற்கு விடை காணாது விட்டால் வரும் தீங்கு சிறிதன்று. புலி வருகிறது என்று பொய்யாகக் கூவிய ஆட்டிடையன் கதையை அறியாதார் இலர். முதல் இரவு சங்கு ஒலித்தால் தெருவே திரளும். மூன்றாம் இரவு ஒலித்தால் தலையணையைக் காதில் அழுத்திக்கொள்ளும். அமெரிக்காவில் காவல்துறைக்குச் செல்லும் இத்தகைய மணியழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டவை பொய்யழைப்புகளே எனக் கணக்கிட்டுள்ளனர். அதனால் சால்ட் லேக் நகரத்தார் 2000ஆம் ஆண்டில், நேரிற் கண்டார் ஒருவர் உறுதி கூறினாலன்றி வெறும் மணியழைப்பிற்குக் காவலரை அனுப்புவதில்லை என்று விதி வகுத்தனர். இங்கிலாந்திலும், 12 மாதங்களுக்குள் 3 பொய்யழைப்புகள் சென்றுவிட்டால் அவ்வீட்டு மணிக்குக் காவலர் வருதல் நிறுத்தப்படும் என்னும் நெறி உண்டு. இன்னும் ஒன்று: கள்வருள்ளும் கூர்மதியுடையார் இதனை அறிவர். சன்னலை வெளியிலிருந்து அசைத்துச் சங்கை இரண்டு மூன்று முறை ஊதச் செய்துவிட்டு ஒளிந்திருப்பர். வீட்டார் சலிப்புற்று மணியை நிறுத்திப் படுத்தபின் உள்ளே நுழைவர். ஆதலால், ஒவ்வொரு முறை ஒலிக்கும்போதும் முதலில் அது மெய்யென்றே கொண்டு, வீட்டின் புறத்தைப் பிறர் துணையுடன் நோக்கவேண்டும். பொய்யென்று தெளிந்த பின்னரே காரணம் தேடவேண்டும்.

ஒரு வீட்டுக் காவல் மணியின் உறுப்புகள் பலவாயினும், பொய்க்குரல் எழுவது பெரும்பாலும் நான்கு இடங்களினின்றே எனலாம்.

முதலாவது கதவுக் காந்தம். நிலைச்சட்டத்தில் விரலளவுள்ள ஒரு சிறு கருவியும், அதற்கு நேரே கதவில் ஒரு காந்தமும் பொருத்தப்பட்டிருக்கும். கருவியினுள் ஒரு கண்ணாடிக் குழல். அதனுள் மெல்லிய இரண்டு இரும்புக் கலவைத் தகடுகள். காந்தம் அருகிருக்கும்வரை தகடுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கதவு திறந்து காந்தம் விலகியதும் பிரிந்துவிடும். ரீடு சுவிட்சு எனப்படும் இதனை 1936இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வால்ட்டர் எல்வுட் என்பார் அமைத்தார். தூசும் ஈரமும் குழலினுள் புகா. ஆகையால் இக்கருவி எளிதிற் கெடுவதில்லை. கெடுவது கதவே! மழைக்காலத்தில் மரக்கதவு ஊறிப் பருக்கும், கோடையில் சுருங்கும், ஆண்டுகள் செல்லக் கீல் தளர்ந்து கதவு தொங்கும். காந்தம் சிறிது சிறிதாக விலகி, தொடுவதற்கும் பிரிவதற்கும் இடைப்பட்ட எல்லையில் வந்து நிற்கும். அந்நிலையில் ஆடிக்காற்று கதவை ஒருமுறை உலுக்கினாற் போதும். இதற்கு மருந்து மின்னறிஞரிடத்தில் இல்லை; தச்சரிடத்தில் உள்ளது. கீலை இறுக்கிக் கதவைச் சீராக்கினால் பொய்க்குரல் நின்றுவிடும். இரும்புக் கதவாயின், இரும்பு காந்தத்தின் ஆற்றலைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். காந்தத்துக்கும் கதவுக்கும் இடையே மரத்துண்டு ஒன்றை வைத்துப் பொருத்துதல் நன்று.

இரண்டாவதும், பெருந்தொல்லை தருவதும், கூடத்தின் மூலையில் சுவரின்மேல் அமர்ந்திருக்கும் வெப்ப உணர்கருவியாகும். இதனைப் பற்றிச் சிறிது விரிவாக அறிதல் வேண்டும். உலகத்துப் பொருள்கள் யாவும் தத்தம் வெப்பநிலைக்கு ஏற்பக் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்புக் கதிர்களை வீசிக்கொண்டே இருக்கின்றன. மனித உடலினின்று மிகுதியாக எழும் கதிரின் அலைநீளம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்காகும். இக்கருவி தானாக எதனையும் வெளிவிடுவதில்லை. வரும் கதிர்களை ஏற்கும் அவ்வளவே. இதன் உள்ளே, வெப்பம் மாறினால் மின்னேற்றம் தோற்றுவிக்கும் படிகத் துண்டுகள் இரண்டு, ஒன்றற்கு ஒன்று எதிராக இணைக்கப்பட்டிருக்கும். அறை முழுவதும் மெல்லச் சூடேறினால் இரண்டும் ஒருங்கே சூடேறி ஒன்றன் விளைவை மற்றொன்று அழித்துவிடும். முகப்பிலுள்ள வெண்ணிற நெகிழித் தகடோ வெறும் மூடியன்று. கலங்கரை விளக்கங்களுக்காகப் பிரெஞ்சு அறிஞர் பிரெனல் அமைத்த வில்லையின் வழிவந்தது. பல சிறு வில்லைகளின் தொகுதி. அஃது அறையை விசிறி மடிப்புகள் போலப் பல பார்வைக் கீற்றுகளாகப் பிரிக்கிறது. மனிதன் நடந்து செல்லும்போது அவன் உடல்வெப்பம் ஒரு கீற்றில் தோன்றி மறைந்து அடுத்த கீற்றில் தோன்றும். படிகங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்குண்டு மின்துடிப்பை எழுப்பும். குறுக்கே நடப்பவனை இக்கருவி விரைந்து காணும். நேரே தன்னை நோக்கி வருபவனை அத்துணை விரைவிற் காணாது.

இதனை அறிந்தபின், எவை எவை இதனை மயக்கும் என்பது தானே விளங்கும். பலகணி வழியே வீழும் மாலை வெயில் தரையைச் சுடச்செய்து, மேகம் மறைக்க மறைந்து, மீண்டும் தோன்றும். வெயிலிற் சூடேறிய திரைச்சீலை மின்விசிறிக் காற்றில் ஆடும். குளிர்சாதனப் பெட்டியின் குளிர்காற்று கருவியின் முகத்தில் நேரே வீசும். பூசையறையில் ஏற்றிவைத்த விளக்கின் சுடர் காற்றில் அலையும். இவையெல்லாம் வெப்பத்தின் அசைவுகளே அல்லவோ? கருவிக்குச் சுடரும் கள்வனும் ஒன்றே.

நம் நாட்டு வீடுகளில் இவற்றினும் பெரிய குற்றவாளி பல்லியாகும். விரலளவுள்ள பல்லி கூடத்தின் கோடியில் ஓடினால் கருவி அதனைப் பொருட்படுத்தாது. அதே பல்லி வெண்ணிற முகப்பின்மீதே ஊர்ந்தால், அண்மையால் பேருருவாகத் தோன்றும். கண்ணருகே பிடித்த கைவிரல் மலையை மறைப்பது போலாம். சிலந்தி முகப்பில் வலைபின்னி அதன்மேல் ஏறியிறங்கினும் அவ்வாறே. எறும்புகளோ கம்பி வரும் துளை வழியே உட்புகுந்து படிகத்தின் அருகிலேயே குடியேறிவிடும். எனவே, மாதம் ஒருமுறை முகப்பை மெல்லிய துணியால் துடைத்தலும், கம்பித் துளையைச் சிலிகான் பசையால் அடைத்தலும் வேண்டும். தரையினின்று 2 மீட்டருக்குச் சற்று மேலாக, பலகணியை நோக்காமல், சுவர்மூலையிற் கருவியை அமைத்தல் முறை. ஆண்டுதோறும் உணர்திறனைக் குறைத்துக்கொண்டே போகின்றவர்களும் உளர். அது கண்வலிக்குக் கண்ணைக் கட்டிவைப்பதை ஒக்கும். அதிலும் வெப்பநாட்டில் இது பொருந்தாச் செயல். சித்திரை வெயிலில் அறையின் வெப்பம் உடல்வெப்பத்தை நெருங்கும்போது மனிதனுக்கும் சுவருக்கும் உள்ள வேறுபாடு தேய்ந்து, கருவி அவனைக் காண்பதே அரிதாகும். அக்குறையை நீக்கச் சில கருவிகள் அந்நேரத்தில் தம் உணர்திறனைத் தாமே உயர்த்திக்கொள்ளும். அப்போது சிற்றசைவுக்கும் அவை கூக்குரலிடும்.

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர், சிறு விலங்குகளைப் பொருட்படுத்தாத கருவி என விற்கப்படுவதை வாங்குவர். அதன் மறைபொருள் எளிது: தரையை ஒட்டிய பார்வைக் கீற்றுகள் அதில் குறைக்கப்பட்டிருக்கும். நாய் தரையில் நடக்கும்வரை நலமே. பூனை அலமாரியின்மேல் தாவினால் அது கீற்றுகளின் நடுவிற் சென்று நிற்கும்! வெப்பத்தோடு நுண்ணலையையும் கொண்டு, இரண்டும் ஒருங்கே அசைவைக் கண்டாலன்றி ஒலிக்காத இரட்டைக் கருவிகளும் உள்ளன. ஒன்று மயங்கினும் மற்றொன்று தெளிவு தரும். எனினும், நுண்ணலை மெல்லிய சுவரையும் கண்ணாடியையும் ஊடுருவும் இயல்பினது. தெருவிற் செல்வோரையும் அது காணக்கூடும் என்பதை நினைவிற் கொண்டு திசையமைத்தல் வேண்டும்.

மூன்றாவது இடம் மின்கலம். மின்வெட்டு நேர்ந்தால் காவல் நின்றுவிடாதபடி, கட்டுப்பாட்டுப் பெட்டியினுள் 12 வோல்ட்டு ஈயமின்கலம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும். பகலெல்லாம் நலமாக இருந்து, மின்சாரம் நின்ற சிறிது நேரத்தில் மட்டும் சங்கு ஒலிக்குமாயின் ஐயம் வேண்டா, குற்றம் மின்கலத்தினதே. அது வலுவிழந்தமையால் அழுத்தம் சரிய, உணர்கருவிகள் நிலைதடுமாறுகின்றன. இம்மின்கலம் 3 முதல் 5 ஆண்டுவரை உழைக்கும். வெப்பம் மிகுந்த இடத்தில் வைத்தால் அதற்கு முன்னரே ஓயும். கம்பியில்லாக் கருவிகளிற் காசு வடிவான சிறு மின்கலங்களையும் உரிய காலத்தில் மாற்றவேண்டும்.

நான்காவது இடம் வீட்டாரே. இஃது இறுதியிற் கூறப்படினும் எண்ணிக்கையில் முதன்மையானது. கதவைச் சரியாகச் சாத்தாமல் காவலை இயக்கிவிட்டுப் புறப்படுவார் ஒருவர். திறவுகோல் தந்துவிட்டு இரகசிய எண்ணைச் சொல்ல மறப்பார் மற்றொருவர். ஊரினின்று வந்த பாட்டி நள்ளிரவில் தண்ணீர் அருந்த எழுந்து கூடத்தில் நடப்பார். வீட்டில் ஆள் உறங்கும்போது வெளிக்கதவுகளை மட்டும் காத்து, உள்ளறைக் கருவிகளை ஓய்வாக விடும் இரவு நிலை ஒன்று பெரும்பாலான பெட்டிகளில் உண்டு. அதனைப் பயன்படுத்தத் தெரியாமையே பல வீடுகளில் பொய்க்குரலுக்குக் காரணம். பாட்டி மீது பழிபோடுதல் தகாது.

இனி, காரணத்தைத் தேடும் முறை. மருத்துவன் நோயாளியை வினவாமல் மருந்தை மாற்றி மாற்றித் தருவானாயின் நோய் தீருமா? இங்கும் முதலிற் செய்யத்தக்கது வினவுதலே. கட்டுப்பாட்டுப் பெட்டி தன்னிடம் நிகழ்ந்தவற்றை நாள், மணி, இடம் ஆகியவற்றுடன் பதிந்துவைத்திருக்கும். அப்பதிவைப் படித்து ஒரு குறிப்பேட்டில் எழுதவேண்டும். பக்கத்தில் அன்று மழையா, காற்றா, மின்வெட்டா என்பதையும் குறிக்கவேண்டும். ஒரு திங்கட் பதிவு பல செய்திகளைக் கூறும். நாள்தோறும் மாலை 5 மணியை ஒட்டி ஒலித்தால் வெயிலை ஐயுறலாம். காற்று மிக்க இரவுகளில் மட்டும் ஒலித்தால் கதவை ஐயுறலாம். மழைக்குப்பின் ஒலித்தால் ஈரம்புகுந்த கம்பியிணைப்பை ஐயுறலாம். காலமும் இடமும் ஒரு முறைக்குட்படாது மாறிமாறி வந்தால், எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான மின்கலத்தையோ பெட்டியையோ நோக்கவேண்டும்.

இவ்வாறு ஐயம் ஓரிடத்திற் குவிந்தபின் சோதனை தொடங்கும். வீட்டு மின்சாரம் பெட்டியினுள் வருமாதலின், அதனைத் திறக்குமுன் மின்னிணைப்பை நிறுத்துதலும், தொழில் அறிந்தவரை அருகில் வைத்துக்கொள்ளுதலும் இன்றியமையாதன. பெட்டியைத் திறந்தாலே ஒலிக்கும் தனிச் சுவிட்சு ஒன்று இருத்தலின், அண்டை வீட்டார்க்கும், மணியழைப்பை ஏற்கும் நிலையத்தார்க்கும் முன்னரே சொல்லிவிடவேண்டும்.

ஒவ்வொரு சுற்றின் கடைக்கோடியிலும் ஒரு சிறு மின்தடை வைக்கப்பட்டிருக்கும். பெட்டி அதன் அளவைக் கொண்டே சுற்று நலமாக உள்ளதா என அறிகிறது. ஐயுற்ற சுற்றின் இரு கம்பிகளையும் பெட்டியினின்று கழற்றி, அவ்விடத்தில் அதே அளவுள்ள வேறொரு மின்தடையை நேரே பொருத்துவர். பின்னும் அப்பகுதி பொய்க்குரல் எழுப்பினால் குற்றம் பெட்டியில் உள்ளது. அமைதியானால் குற்றம் கம்பியிலோ கருவியிலோ உள்ளது. பின்னர், பாதித்தொலைவில் உள்ள இணைப்பில் இதனையே செய்தால், குற்றம் முற்பாதியிலா பிற்பாதியிலா என்பது தெரியும். இவ்வாறு பாதி பாதியாகக் குறுக்கிச் சென்றால், எட்டு இணைப்புகள் உள்ள சுற்றிலும் மூன்று சோதனைகளில் குற்றமுள்ள இணைப்பை அடையலாம். ஒரே நாளில் கருவியையும் மாற்றி, மின்கலத்தையும் மாற்றி, உணர்திறனையும் குறைத்துவிடுவோர் பொய்க்குரலை நிறுத்தக்கூடும். ஆனால், எது நிறுத்திற்று என்பதை அறியார். மீண்டும் அது வரும்போது தொடக்கத்தினின்றே தொடங்குவர்.

குற்றத்தைக் கண்டு நீக்கியபின் உடனே சங்கை இணைத்துவிடுதல் அவசரம். அப்பகுதியை ஒரு வாரமோ இரு வாரமோ சோதனை நிலையில் வைப்பர். அந்நிலையில் பெட்டி நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும், சங்கை ஊதாது. அக்காலம் முழுதும் பதிவு வெறுமையாக இருக்குமாயின், வீட்டார் ஒருவர் ஒவ்வொரு கதவையும் திறந்து மூடியும், ஒவ்வோர் அறையிலும் குறுக்கே நடந்தும், கருவியின் சிறுவிளக்கு எரிகிறதா எனப் பார்ப்பர். பொய்க்குரல் நின்றதோடு மெய்க்குரலும் நின்றுபோகவில்லை என்பது அவ்வாறு தெளிந்த பின்னரே சங்கின் கம்பி மீண்டும் இணைக்கப்படும்.